பேராசிரியர் ஜான் டூயி

சிறார் கல்வி கற்பது ஆசிரியர் கூறுவதைக் கேட்டு மனத்திற் பதித்துக்கொள்வதாலா, அன்றித் தாமே ஒன்றைச் செய்து பார்த்து ஐயுற்று வினவித் தெளிவதாலா என்னும் வினா மிகப் பழமையானது. நம் நன்னூலார் பாயிரத்தில் ஐயுற்றதை வினவுதலையும், பிறர் வினவியதற்கு விடையிறுத்தலையும் கற்போர் கடன்களுள் வைத்துப் பேசினர். ஆயினும் இவ்வொரு வினாவிற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈந்து, அதனை ஆராய்தற்பொருட்டு ஒரு பள்ளிக்கூடத்தையே நிறுவி, கண்டவற்றையெல்லாம் உலகறிய எழுதிவைத்த பேராசிரியர் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜான் டூயி. அன்னார் சரிதத்தை ஈண்டு ஒருவாறு எழுதப் புகுகின்றோம். இவ்விதழை வாசிக்கும் அன்பர்களிற் பெரும்பாலார் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர். சிலர் எம்மைப்போல் ஆசிரியத் தொழில் பூண்டோர். இரு திறத்தாரும் இதனைப் பொறுமையுடன் படிப்பாராக.

டூயி 1859-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 20-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கிலுள்ள வெர்மாண்ட் மாகாணத்துப் பர்லிங்டன் நகரில் தோன்றினார். தந்தையார் ஆர்ச்சிபால்ட் என்பார் மளிகை வணிகர். தாயார் பெயர் லூசினா. இவர் பிறப்பதற்குச் சில மாதங்களின் முன்னர், ஜான் என்னும் பெயர் பூண்ட மகவொன்றை அப்பெற்றோர் விபத்தொன்றில் இழந்திருந்தனர். இறந்த பிள்ளையின் பெயரையே பிறந்த பிள்ளைக்கும் இட்டனர். இளமையிற் பள்ளிப்பாடம் இவருக்குச் சலிப்பையே விளைத்தது. ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் கண்டு பழகியவையே இவர் நெஞ்சில் நின்றன. எனினும் படிப்பிற் குறைவுற்றாரல்லர். 1879-ஆம் ஆண்டில், தமது பத்தொன்பதாம் வயதில், வெர்மாண்ட் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவுடன் இவர் ஏற்ற தொழில் பள்ளி ஆசிரியத் தொழிலே. பென்சில்வேனியா மாகாணத்தில் மண்ணெண்ணெய்க் கிணறுகளாற் செல்வம் பெருகிய ஆயில் சிட்டி என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஈராண்டு கற்பித்தார். பின்னர்த் தம் ஊரை அடுத்த சார்லட் என்னும் சிற்றூரிற் சில காலம் கற்பித்தார். கல்வியைப் பற்றி நூலெழுதும் பெரியோர் பலர் ஒருநாளேனும் சிறார் நிறைந்த அறையில் நின்றறியாதவர். டூயி அவ்வினத்தைச் சேர்ந்தவரல்லர் என்பதை வாசகர் மனத்திற்கொள்க.

தத்துவ ஆராய்ச்சியில் வேட்கை மிகவே, தம் அத்தை ஒருவரிடம் ஐந்நூறு டாலர் கடன் பெற்றுப் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையிற் சேர்ந்து, 1884-ஆம் ஆண்டிற் டாக்டர் பட்டம் எய்தினார். அவ்வாண்டே மிச்சிகன் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். அங்கே மாணவியாயிருந்த ஆலிஸ் சிப்மன் என்னும் அம்மையாரை 1886-ஆம் ஆண்டில் மணந்தார். ஏடுகளிலேயே உலவிக்கொண்டிருந்த இவர் சிந்தையை மக்கள் வாழ்வின்பால் திருப்பியவர் அவ்வம்மையாரே என்பர். மக்கட்பேறு உண்டானபின், தம் குழந்தைகள் தவழ்வதையும் பேசப் பழகுவதையும் கூர்ந்து நோக்கிய டூயி, மனவியல் நூல்களிற் காணாத பலவற்றை வீட்டுத் திண்ணையிலேயே கண்டார்.

மிச்சிகனில் நிகழ்ந்த ஒன்று நகைப்பிற்கிடமானதாயினும் கூறத்தக்கது. பிராங்க்ளின் போர்டு என்னும் பத்திரிகையாளர் ஒருவருடன் கூடி, புதுவகைச் செய்தித்தாள் ஒன்று தொடங்க இவர் எண்ணினார். தந்தியும் அச்சியந்திரமும் நாடெங்கும் பரந்துவிட்ட காலத்தில், தத்துவ அறிவானது வகுப்பறையினுள் அடைபட்டுக் கிடத்தல் தகாது. நாள்தோறும் நிகழ்வனவற்றை ஆராய்ந்து மக்களுக்கு உரைக்கும் கருவியாதல் வேண்டும் என்பது அவர் கருத்து. 1892-ஆம் ஆண்டில் அதற்கு விளம்பரமும் வெளியாயிற்று. பிற பத்திரிகைகள் எள்ளி நகையாடின. ஓரிதழேனும் வெளிவரவில்லை. முயற்சி பொய்த்தது, ஆனால் புதிய கருவிகளுக்கும் மக்கள் அறிவிற்கும் உள்ள தொடர்பு யாது என்னும் கேள்வி இவர் உள்ளத்தினின்றும் நீங்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டின் பின்னர் அது வேறுருவில் வெளிப்பட்டதைப் பின்னே காண்போம்.

1894-ஆம் ஆண்டிற் புதிதாய்த் தோன்றிய சிகாகோ சர்வகலாசாலை இவரைத் தத்துவத் துறைத் தலைவராக அழைத்தது. மனவியலும் கல்வியியலும் அத்துறையினுள்ளேயே அடங்கியிருந்தன. இவர் சென்றடைந்த காலம் இரயில்வே வேலைநிறுத்தத்தால் நகரம் கொந்தளித்த காலம். அந்நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பினிடையே ஜேன் ஆடம்ஸ் அம்மையார் 1889-ஆம் ஆண்டில் நிறுவிய ஹல் இல்லம் என்னும் தொண்டு நிலையத்திற்கு டூயி அடிக்கடி செல்வார். பல தேசத்தினின்றும் குடியேறிய எளியோர் அங்கே கூடி ஒருவரோடொருவர் உரையாடிக் கற்பதைக் கண்டார். பள்ளிக்கூடம் என்பது பாடம் ஒப்பிக்கும் இடமாகாது, சேர்ந்து வாழும் இடமாதல் வேண்டும் என்னும் துணிபு இவ்விடத்தில் வலுப்பெற்றது. அவ்வம்மையார்பால் வைத்த மதிப்பினால் தம் மகளொருத்திக்கு ஜேன் என்றே பெயரிட்டார்.

இனி இச்சரிதத்தின் நடுநாயகமான பகுதிக்கு வருகின்றோம். இரசாயன ஆசிரியருக்குச் சோதனைச்சாலை இருப்பது போலக் கல்வியை ஆராய்வோனுக்கும் ஒரு சோதனைச்சாலை வேண்டுமன்றோ? அவ்வெண்ணத்தால் 1896-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், பதினாறு பிள்ளைகளையும் இரண்டு ஆசிரியரையும் கொண்டு ஒரு சிறு பள்ளியைத் திறந்தார். 1902-ஆம் ஆண்டளவில் அது நூற்றுநாற்பது பிள்ளைகளும் இருபத்துமூன்று ஆசிரியரும் உடையதாய் வளர்ந்தது. அப்பள்ளிக்கு மேசை வாங்குதற்பொருட்டு டூயி நகரத்துக் கடைகள்தோறும் அலைந்தார். எங்கும் அவர் விரும்பிய மேசை கிட்டவில்லை. இறுதியில் ஒரு கடைக்காரர் உண்மையைக் கண்டு சொன்னார்: டூயி கேட்பது பிள்ளைகள் வேலை செய்தற்குரிய மேசை, கடைகளில் உள்ளனவோ உட்கார்ந்து கேட்டற்குரிய மேசை. பள்ளிக்கூடங்கள் எந்நோக்கத்துடன் அமைக்கப்பட்டிருக்கின்றன என்பதை அந்த வணிகர் அறிந்தவாறு கல்வியதிகாரிகள் அறிந்திலர் போலும்!

அப்பள்ளியிற் சமையலும் தையலும் தச்சும் பாடங்களாயின. இதனைக் கேட்டவுடன், பிள்ளைகளைத் தொழிலுக்குப் பழக்குதலே நோக்கம் எனச் சிலர் கருதுவர். அன்று. ஓர் உதாரணத்தால் விளக்குவோம். பருத்தியும் கம்பளியும் பிள்ளைகள் கையில் மூலப்பொருளாகவே கொடுக்கப்பட்டன. பருத்தித் துணி கம்பளித் துணியினும் பிந்திப் பெருவழக்காயிற்று. அதற்குக் காரணம் யாது? ஆசிரியர் விடை கூறவில்லை. பிள்ளைகள் பருத்திக் காயைப் பிரித்துப் பஞ்சினின்றும் விதையை விரலாற் களைந்தனர். அரைமணி நேரம் உழைத்தும் ஓர் அவுன்ஸ் பஞ்சுகூடத் தேறவில்லை. ஒருவன் நாளெல்லாம் கையாற் களைந்தாலும் ஓர் இராத்தலே தேறும் எனத் தாமே கணக்கிட்டனர். முன்னோர் ஏன் கம்பளியையே பெரிதும் உடுத்தனர் என்பதும், விதை நீக்கும் பொறி தோன்றியபின் உலக வாணிபமே ஏன் மாறியது என்பதும் அவர்களுக்கு அப்பொழுது வெட்டவெளிச்சமாயின. சரித்திரம், பூகோளம், கணக்கு, யந்திர நூல் ஆகிய நான்கும் ஒரு பஞ்சுப் பொதியினுள் இருந்தன! நம் நாட்டில் பருத்தி விளையும் தாலூகா பல. ஆயினும் நம் பாடபுத்தகங்களில் அப்பொறியின் பெயரும் ஆண்டும் நெட்டுருவுக்காக நிற்கின்றனவேயன்றி, பஞ்சு பிள்ளைகளின் கைக்கு வருவதில்லை.

முட்டை சமைக்கும் பாடமும் இத்தகையதே. இன்னவாறு வேகவை என்று விதி கூறுவதற்கு மாறாக, நீர் எவ்வெச் சூட்டில் எவ்வெந்நிலை அடைகின்றது, அந்தந்தச் சூட்டில் முட்டையின் வெண்கரு என்ன மாறுதல் அடைகின்றது என்று பிள்ளைகளே பார்த்துக் குறித்தனர். சமையற் குறிப்பைப் பின்பற்றுவோன் ஒரு பண்டத்தைச் செய்வான்; காரணம் அறிந்தவனோ கண்டறியாத பண்டத்தையும் செய்வான்.

எழுத்தறிவைப் பற்றி டூயி கொண்ட கொள்கையே பெற்றோருக்குப் பெரும் கலக்கம் தந்தது. 1898-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ஆரம்பப் பள்ளியின் முதல் மூன்றாண்டுகளில் வாசிப்பும் எழுத்துமே பெரும்பொழுதைக் கவர்வதை அவர் கண்டித்தார். முற்காலத்தில் நூல்கள் அரியன. அறிவின் வாயிலைத் திறக்கும் திறவுகோல் எழுத்து ஒன்றே. தொழிலறிவையோ பிள்ளைகள் வீட்டிலும் வயலிலும் தாமே பெற்றனர். ஆகவே பள்ளி எழுத்தை மட்டும் கற்பித்தது பொருந்தியது. இப்பொழுதோ அச்சுத்தாள் எங்கும் மலிந்துவிட்டது. ஆலைகள் வந்தமையால் வீட்டுத்தொழில்கள் மறைந்தன. காலம் தலைகீழாய் மாறியிருக்கப் பள்ளி மட்டும் பழைய வேலையையே செய்தல் தகுமா என்பது அவர் வாதம். ஆறு வயதுக் குழந்தையின் கண்ணும் நரம்பும் நுண்ணெழுத்துக்கு இன்னும் ஆற்றாதவை என்றும் எடுத்துக்காட்டினார். இதனால் எழுத்தை அவர் இகழ்ந்தார் எனக் கொள்ளற்க. செய்த சமையலின் குறிப்பை எழுதிவைக்க வேண்டும், கண்டதைப் பிறர்க்கு அறிவிக்க வேண்டும் என்னும் தேவை பிறந்தபொழுது எழுத்து தானே வேண்டப்படும். வேண்டிப் பெற்றது விரைவிற் பதியும் என்பதே அவர் கருத்து.

இவ்விடத்தில் யாம் பேராசிரியருடன் முற்றும் உடன்பட இயலவில்லை. நிகண்டையும் நீதிநூல்களையும் பொருள் விளங்குமுன்னரே ஓசையாற் கற்றுப் பிற்காலத்தில் அவற்றின் பொருள் ஒவ்வொன்றாய் மலரக் கண்டவர் நம்மிற் பலருளர். மனனப் பயிற்சியின் அப்பயனை டூயி போதிய அளவு எண்ணிப் பார்த்திலர் என்பது எம் கருத்து. இன்னொரு குறையும் உண்டு. அவர் பள்ளியில் ஒரு குழுவிற்கு எட்டு அல்லது பத்துப் பிள்ளைகளே. அவருட் பலர் கற்றறிந்தோர் வீட்டுப் பிள்ளைகள். ஐம்பது பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துக்கொண்டு தத்தளிக்கும் ஆசிரியர் அவ்வாறே செய்க என்று விதித்தல் எளிது, செய்தல் அரிது. ஆயினும் பொருளறியா மனனத்தோடு நின்றுவிடும் பிள்ளைகள் எத்துணைப் பேர் என்பதையும் ஆசிரியராகிய யாம் அறிவோம். ஆதலின் அவர் கூற்றை ஒதுக்கிவிடவும் துணியோம்.

அப்பள்ளியோடு டூயிக்கு இருந்த தொடர்பு எட்டாண்டுக்கு மேல் நீடிக்கவில்லை. 1903-ஆம் ஆண்டில் வேறொரு பள்ளி அதனுடன் இணைக்கப்பட்டது. தலைமை ஆசிரியராயிருந்த ஆலிஸ் அம்மையாரைக் குறித்து அவ்வாசிரியருக்கு அச்சம் உண்டாயிற்று. சர்வகலாசாலைத் தலைவர் ஹார்ப்பருக்கும் டூயிக்கும் அதனால் மனவேற்றுமை முதிர, 1904-ஆம் ஆண்டிற் கணவன் மனைவி இருவரும் பதவி துறந்தனர். இன்னலும் தனித்து வரவில்லை. முன்னரே 1895-ஆம் ஆண்டில் இத்தாலி யாத்திரையில் மாரிஸ் என்னும் இளமகனைத் தொண்டை அடைப்பான் நோயாற் பறிகொடுத்திருந்தனர். 1904-ஆம் ஆண்டுப் பிரயாணத்தில் கார்டன் என்னும் எட்டு வயது மகனும் அயர்லாந்தில் நச்சுக்காய்ச்சலால் மாண்டான். அப்பிரயாணத்திலேயே சபினோ என்னும் இத்தாலியச் சிறுவனைச் சுவீகாரம் செய்துகொண்டனர்.

பின்னர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில் அமர்ந்து 1930-ஆம் ஆண்டு வரை பணியாற்றினார். 1910-ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாம் சிந்திக்கும் முறை' என்னும் நூலில், சிந்தனை எவ்வாறு தோன்றுகின்றது என்பதை ஆராய்ந்தார். யாதேனும் ஓர் இடர்ப்பாடு எதிர்ப்படாதவரை மனிதன் சிந்திப்பதில்லை. இடர்ப்பட்டவன் அவ்விடர் இன்னதென வரையறுக்கின்றான்; தீர்வு ஒன்றை ஊகிக்கின்றான்; அவ்வூகத்தின் விளைவுகளை எண்ணிப் பார்க்கின்றான்; பின்னர்ச் சோதித்துத் துணிகின்றான். விஞ்ஞானியும் விளையாடும் குழந்தையும் செல்லும் வழி இதுவே. ஆகவே விடையை மட்டும் கையிற் கொடுக்கும் ஆசிரியர் சிந்தனையின் வேரையே களைகின்றவராவர்.

1916-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சனநாயகமும் கல்வியும்' என்பது அவர் நூல்களுள் தலைசிறந்ததாக எண்ணப்படுவது. நடை கரடுமுரடானது, பத்துப் பக்கம் படிக்குமுன் தலை வலிக்கும். ஆயினும் அதனுள் ஒரு சமுதாயத்தை எடைபோடுதற்குரிய அளவுகோல் இரண்டு உள. ஒன்று, அதன் உறுப்பினர் எத்துணைப் பலவகையான நலன்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர் என்பது. மற்றொன்று, அது பிற கூட்டத்தாருடன் எத்துணைத் தடையின்றிக் கலந்து பழகுகின்றது என்பது. தம்முள் ஒற்றுமையாயிருத்தல் மட்டும் பெருமையன்று. கள்வர் கூட்டத்திலும் ஒற்றுமை உண்டு. மதில் எழுப்பித் தனித்திருக்கும் கூட்டம் தன் அறிவையும் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு குலத்தாரின் சங்கம் நடத்தும் இதழில் இதனை எழுதுங்கால் எம் கை சிறிது தயங்கியது உண்மையே. ஆயினும் ஒரு பெரியோரின் சரிதத்தை எழுதப் புகுந்தோர் தமக்கு உவப்பானதை மட்டும் எழுதி ஏனையதை மறைத்தல் முறையன்று.

அக்கருத்து நம் நாட்டிற்கும் வந்தது. 1913-ஆம் ஆண்டு முதல் 1916-ஆம் ஆண்டு வரை கொலம்பியாவிற் பயின்ற பீமராவ் அம்பேத்கர், டூயியின் வகுப்புகளில் அமர்ந்து கேட்டவர். 1936-ஆம் ஆண்டில் லாகூர் மகாநாட்டிற்கென எழுதி, அங்கே நிகழ்த்தப் பெறாது நூலாகவே வெளிவந்த சாதி ஒழிப்புச் சொற்பொழிவில், டூயியைத் தம் ஆசிரியர் எனப் பெயர் சுட்டி நன்றி பாராட்டியுள்ளார். தடையற்ற கலப்பு என்னும் ஆசிரியரின் அளவுகோலை மாணவர் எந்நாட்டின் எந்நோயை அளக்கக் கைக்கொண்டார் என்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மற்றொரு மாணவர் சீனத்து ஹூ ஷி. அவர் முதலியோர் அழைப்பின்மேல் டூயி 1919-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்திற் சீனம் சென்று, ஈராண்டுக்கு மேல் தங்கி, ஏறத்தாழ இருநூறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். சென்று சில நாட்களுக்குள் பீகிங் மாணவர் கிளர்ச்சி எழுந்தது. ஹூ ஷி அப்பொழுது, பண்டை இலக்கிய நடையை விடுத்து மக்கள் பேசும் மொழியிலேயே நூல் எழுதல் வேண்டும் என்னும் இயக்கத்தை நடத்திவந்தார். 1920-ஆம் ஆண்டிற் சீனக் கல்வி அமைச்சு ஆரம்ப வகுப்புகளின் பாடநூல்களைப் பேச்சுமொழியிற் செய்யுமாறு கட்டளையிட்டது. கற்றோர்க்கு மட்டும் உரிய நடை எளியோர்க்கு எழுத்தறிவை எட்டாக் கனியாக்கிற்று என்பது அவர் முறையீடு. இலக்கணப் பயிற்சியே சோறாக உண்டு வளர்ந்த எமக்கு இச்செய்தி சற்றுக் கசக்கின்றது. இக்கட்டுரையின் நடையே எமக்கு எதிர்ச்சான்றாகவும் நிற்கின்றது. டூயியிடம் பயின்ற மற்றொருவரான டாவோ ஷிங்ஜி என்பார் 1927-ஆம் ஆண்டில் நான்கிங் நகரருகே ஒரு கிராமத்தில் ஆசிரியப் பள்ளி நிறுவினார். பின்னாளில், எழுத்துக் கற்ற சிறுவரே தம் பெற்றோர்க்கும் அயலார்க்கும் எழுத்துக் கற்பிக்கும் முறையைப் பரப்பினார்.

1924-ஆம் ஆண்டில் துருக்கி அரசாங்கம் அழைக்க அங்கும் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டார். ஆசிரியரின் பயிற்சியும் ஊதியமும் செம்மையுறவேண்டும் என்று தம் அறிக்கையில் வற்புறுத்தினார். 1927-ஆம் ஆண்டு ஆலிஸ் அம்மையார் காலஞ்சென்றார். அவ்வாண்டே 'பொதுமக்களும் அவர்தம் பிரச்சினைகளும்' என்னும் நூல் வெளிவந்தது. முன்னர்க் கூறிய செய்தித்தாட் கனவு இந்நூலில் வேறுருக்கொண்டது. தந்தி, தொலைபேசி, வானொலி, மலிந்த அஞ்சல், விரைந்த அச்சு ஆகிய கருவிகள் முன் எக்காலத்தும் இல்லாதவாறு பெருகிவிட்டன; ஆனால் அக்கருவிகளுக்கு ஏற்ற எண்ணங்களை மக்கள் பகிர்ந்துகொள்ளக் கற்றிலர் என்றார். பொதுமக்கள் தம்மைத் தாம் ஆள வல்லரல்லர், வல்லுநரே ஆளத்தக்கார் என்று வால்ட்டர் லிப்மன் என்னும் புகழ்பெற்ற பத்திரிகையாளர் எழுதியதற்கு இது மறுமொழி. செருப்பின் கடியை அறிபவன் அணிபவனே. அதைத் தைப்பவன் அல்லன் என்பது அவர் காட்டிய உவமை.

டூயி பிழையற்றவரல்லர். முதல் உலகப்போரில் 1917-ஆம் ஆண்டு அமெரிக்கா புகுந்ததை ஆதரித்தார். அவர்பால் அன்பு பூண்ட இளைஞர் ராண்டால்ஃப் போர்ன் அதனைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். போரின் முடிவு நோக்க, அவ்விளைஞர் பக்கமே நியாயம் இருந்தது எனத் தோன்றுகின்றது.

அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே பல பள்ளிகள் பிள்ளைகளை மனம்போனவாறு திரியவிட்டன. ஆசிரியர் வாய் திறவாதிருப்பதே புதுமுறை எனச் சிலர் எண்ணினர். இதனைக் கண்டு வெறுப்புற்ற டூயி, 1938-ஆம் ஆண்டில் 'அநுபவமும் கல்வியும்' என்னும் சிறு நூலில் தம்மைப் பின்பற்றினோரையே கடிந்தார். எல்லா அநுபவமும் கல்வியாகாது. மேலும் வளர்ச்சிக்கு வழி வகுப்பதே கல்வி. அவ்வழியை முன்னறிந்து வகுத்தல் முதிர்ந்தவராகிய ஆசிரியரின் கடமை என்றார். புகழுரைப்போரைத் திருத்தும் துணிவு அறிஞருள் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அவ்வாண்டிலேயே, ஆராய்ச்சி என்பதன் இலக்கணத்தை முழுமையாக வகுக்கும் அளவை நூலையும் வெளியிட்டார். அதற்கு முன்னாண்டு, தமது எழுபத்தேழாம் வயதில், மெக்சிகோ சென்று ட்ராட்ஸ்கியின்மேற் சுமத்தப்பட்ட குற்றங்களை விசாரித்த குழுவிற்குத் தலைமை பூண்டு, அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தார். ட்ராட்ஸ்கியின் கொள்கைக்கு இவர் உடன்பட்டவரல்லர்.

1952-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1-ஆம் நாள் நியூயார்க் நகரில், தொண்ணூற்றிரண்டு வயது நிரம்பிய டூயி உயிர் நீத்தார். அவ்வாரத்திலேயே கொலம்பியா சர்வகலாசாலை அளித்த கௌரவ டாக்டர் பட்டத்தைப் பெறுதற்கு அம்பேத்கர் அந்நகர் சேர்ந்தார். ஆசிரியரைக் காண விழைந்து வந்தவருக்கு அது கைகூடவில்லை. சிகாகோவில் டூயி தொடங்கிய பள்ளி இன்றும் நடைபெறுகின்றது. அவர் அஸ்தி 1972-ஆம் ஆண்டில் பர்லிங்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் பயின்ற சர்வகலாசாலையின் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.